மூத்தோர் சொல்லின் பிரமாணம்

பெரியோர் சொற்படி நடக்கவேண்டும் என்று நமக்குக் குழந்தைப் பருவந்தொட்டே போதிக்கிறார்கள். ஆனால் பெரியோர் இருவர் ஒருவருக்கொருவர் முரணாகச் சொன்னால் எவர் சொல் பிரமாணம் என்பதையும், காரணம் விளங்காத சொல்லை விவேகமுள்ளவன் ஏற்கலாமா என்பதையும் விளக்கிச் சொல்வாரைக் காண்பது அரிது. காந்தியடிகளின் இளமையில் நிகழ்ந்தவை இக்கேள்விகளுக்குத் தரும் விடையைப் போல என் மனத்துக்கு இசைந்தது வேறொன்றில்லை.

1888-ஆம் ஆண்டில், பாரிஸ்டர் படிப்புக்குப் பிள்ளையைச் சீமைக்கு அனுப்பலாம் என்று குடும்பத்துக்கு வேண்டிய முதியவரான மாவ்ஜி தவே யோசனை சொன்னபோது, கணவரை இழந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த தாயார் புத்லிபாய், அங்கே போகிறவர்கள் மதுவும் மாமிசமும் இல்லாமல் வாழ்வதில்லை என்று பலரும் சொல்லக் கேட்டுக் கலங்கினார். ஜைனத் துறவியான பேசர்ஜி சுவாமி, மது, மாது, மாமிசம் மூன்றையும் தீண்டுவதில்லை என்று பிள்ளையிடம் பிரதிக்ஞை வாங்கிய பிறகே அந்த அம்மாள் விடை கொடுத்தார். பம்பாயிலோ ஜாதியார் கூட்டங்கூடி, கடல் கடப்பது மத விரோதம் என்று தடுத்தார்கள்; இளைஞர் பணியாமற்போகவே, ஜாதித் தலைவர் அவரைப் பிரஷ்டம் செய்து, உதவி புரிவோருக்கும் கப்பல் துறைக்குச் சென்று வழியனுப்புவோருக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம் விதித்தார். அப்படியும் செப்டம்பர் 4-ஆம் தேதி இளைஞர் கப்பலேறினார்.

அந்தத் தலைவரும் மூத்தவரே. தூரத்து உறவினர், தந்தையாருடன் நல்ல சிநேகத்தில் இருந்தவர். எனினும் அவர் காக்க முற்பட்டது ஜாதியின் கட்டுப்பாட்டை. தாயார் காக்க முற்பட்டது மகனை. எவனை நோக்கி ஒரு சொல் சொல்லப்படுகிறதோ அவனுடைய க்ஷேமமே அதன் நோக்கமாயிருக்கும்போதுதான், அந்தச் சொல்லுக்கு அவனைக் கட்டும் உரிமை உண்டாகிறது. வயது ஒன்றே அதைக் கொடுத்துவிடாது என்பது என் துணிபு.

ஆயினும் தாயாரின் சொல் தர்க்கத்தோடு வந்ததன்று. மாமிசம் உண்பதே தேசத்துக்கு நல்லது என்பதுதான் அந்நாளில் இளைஞரின் சொந்த அபிப்பிராயம். லண்டனில், உப்பும் காரமுமின்றி வேகவைத்த காய்கறியை விழுங்க முடியாமலும், இன்னும் இரண்டு துண்டு ரொட்டி கேட்கக் கூசியும் அரைப் பட்டினி கிடந்தவரிடம், நண்பர் ஒருவர் பெந்தாமின் பயன்வாத நூலையே எடுத்துவைத்துப் படித்துக் காட்டி வாதிட்டார். வாதத்துக்கு அவரிடம் விடையில்லை. வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பின்னர் ஒருநாள் பாரிங்டன் தெருவில் சைவ உணவு விடுதி ஒன்றைக் கண்டு, அங்கே விற்பனைக்கு இருந்த சைவ உணவைப் பற்றிய சால்ட் என்பவரின் புத்தகத்தை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கி, வயிறார உண்டு, அதைப் படித்து முடித்தபோதுதான், அதுவரை வாக்குக்காக அனுஷ்டித்த விரதம் அவருடைய சொந்தக் கொள்கையாயிற்று. சிரத்தையோடு அனுஷ்டித்தவருக்கே அதன் காரணமும் புலப்பட்டது. காரணம் தெரிந்தபின் அனுஷ்டிக்கலாம் என்று காத்திருந்தால், அந்த விடுதியைத் தேடிப் போகவேண்டிய பசியே அவருக்கு நேர்ந்திராது.

முட்டை மாமிசமாகாது என்ற வாதத்தை நம்பி அவர் அதைச் சிறிது காலம் உண்டதும் உண்டு. மாமிசம் எது என்பதற்குச் சீமையில் மூன்று விதமான வியாக்கியானங்கள் வழங்கின. ஒன்றின்படி மீனைக்கூட உண்ணலாம். ஆனால் பிரதிக்ஞை தாயாருக்காகவே செய்யப்பட்டது. அவர் கருத்தில் முட்டையும் மாமிசந்தான். ஆகவே அந்தப் பொருளே தம்மைக் கட்டும் என்று தெளிந்து அவர் அதை விட்டொழித்தார். சைவ விடுதிகளிலும் பலகாரங்களில் முட்டை சேர்வதுண்டாகையால், பரிமாறுகிறவரிடம் ஒவ்வொன்றையும் கூச்சத்தோடு விசாரித்தே உண்ண நேர்ந்தது. கடல்களுக்கு அப்பால் இருக்கும், எழுத்தறியாத ஒரு தாயின் மனத்தில் இருந்த பொருளுக்கு இவ்வளவு மரியாதை! பிற்காலத்தில், 1918-ஆம் ஆண்டில் தொடங்கிய கடும் நோயின்போது, தாமே மேற்கொண்டிருந்த பால் விரதத்துக்குப் பசுவும் எருமையுமே குறி என்று கொண்டு ஆட்டுப் பால் அருந்தியவர், சொல்லைக் காத்து அதன் ஆத்மாவைக் கைவிட்டதாக எண்ணி வருந்தியதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், தாயார் புகட்டிய பாடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பது விளங்கும்.

1891-இல் அவர் திரும்பியபோது தாயார் உயிரோடில்லை. ஜாதியில் ஒரு பிரிவார் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மற்றப் பிரிவார் விலக்கியே வைத்தார்கள். மாமனார் வீட்டாரும் தமக்கை வீட்டாரும் மறைவாக உபசரிக்கச் சித்தமாயிருந்தும், வெளிப்படையாகச் செய்யாததை ஒளிவில் செய்ய இசையாமல், அவ்வீடுகளில் தண்ணீர்கூட அருந்தாது, எந்தக் கட்டளையை மீறிக் கப்பலேறினாரோ அந்தக் கட்டளை விதித்த தண்டனையை மனக்கசப்பின்றி ஏற்றிருந்தார். விலக்கிவைத்த பிரிவைச் சேர்ந்தவர்களிலும் பலர், பின்னாளில் அவருடைய பொதுப் பணிகளுக்கு அன்போடு துணைநின்றார்கள்.