தெள்ளுப்பூச்சிக்கும் ஸ்தோத்திரமா?



சில வருஷங்களுக்கு முன் நம் சபை சகோதரி ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். விபத்திலே கணவரை இழந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அதே விபத்தில் அவர்களுக்கும் கால் முறிந்து ஆபரேஷன். கட்டில் பக்கத்தில் நின்றபடியே, "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க சிஸ்டர், முறுமுறுக்காதீங்க" என்றேன். அவர்கள் என்னை ஏறிட்டுப் பார்த்து, "நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க பிரதர்" என்றார்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை என்னைக் குத்தியது.

நான் சொன்னதில் என்ன தப்பு? பாடுகளில் மனதை எப்படி வைத்துக்கொள்வது என்பது நம் கையில்தானே இருக்கிறது?

நெதர்லாந்து தேசத்து ஹார்லெம் பட்டணத்தில் கடிகாரக் கடை வைத்திருந்தது டென் பூம் குடும்பம். யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதற்காக 1944 பிப்ரவரியில் பிடிபட்டார்கள். 84 வயதுத் தகப்பனார் பத்து நாளில் மரித்தார். அவருடைய மகள்கள் பெட்ஸியும் கோரியும் ஜெர்மனியின் ராவன்ஸ்ப்ரூக் முகாமில் அடைக்கப்பட்டார்கள். படுக்கையெல்லாம் தெள்ளுப்பூச்சி. அதற்காகவும் நன்றி சொல்லுவோம் என்றார் அக்கா பெட்ஸி. தங்கை கோரிக்கு மனம் வரவில்லை. அக்கா சொல்லுவது தப்பு என்றே நினைத்தார். 1971-ல் வந்த தம் புத்தகத்தில் இதை அவர் மறைக்கவில்லை. அந்தப் பூச்சிக்குப் பயந்துதான் காவற்காரிகள் உள்ளே வரவில்லை, அதனால்தான் அங்கே வேதம் வாசிக்க முடிந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

"பார்த்தீங்களா, காரணம் இருந்தது!" என்று நாம் இந்தச் சாட்சியை முடித்துவிடுகிறோம். ஆனால் நன்றி சொன்ன நேரத்தில் பெட்ஸிக்குக் காரணம் தெரியாது. பூச்சியும் போகவில்லை. அந்த டிசம்பரிலே அங்கேயே மரித்தும் போனார். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டவர்களால் அவர் தெரிந்துகொண்ட மனதை மட்டும் பிடுங்க முடியவில்லை. அதற்காக அநியாயத்தை அவர் நல்லது என்று சொல்லவில்லை. அநியாயத்துக்கு இணங்காததால்தானே அங்கே வந்தார்!

இன்னொன்றையும் கவனியுங்கள். பூச்சி கடிக்கிற அதே படுக்கையில் இருந்துகொண்டு பெட்ஸி அதைச் சொன்னார். நானோ நின்றுகொண்டு சொன்னேன். மனதைத் தெரிந்துகொள்வது அவரவர் தனக்குத்தானே செய்யவேண்டிய காரியம். அடுத்தவர் தலையில் அதைக் கட்டளையாக வைத்தால், ஏற்கெனவே சுமக்கிறவர்களுக்கு இன்னொரு சுமைதான். யோபுவின் சிநேகிதர் ஏழுநாள் தரையில் கூட உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல சிநேகிதர்தான். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

அடுத்த வாரம் நானும் என் மனைவியும் கஞ்சி எடுத்துக்கொண்டு போனோம். நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் கணவரைப் பற்றி அழுது அழுது பேசினார்கள், கேட்டுக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது அவர்களே, "ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்றார்கள்.

பிரியமானவர்களே, நம்முடைய பாடுகளில் ஸ்தோத்திரத்தைத் தெரிந்துகொள்ளுவோம். மற்றவர்கள் பாடுபடும்போதோ, முதலில் பக்கத்தில் உட்காருவோம். கர்த்தர்தாமே உதவி செய்வாராக. ஆமென்.