வசையும் அடுப்பும்



கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் காலையில் மீன் ஏலம் சூடுபிடித்திருக்கும். ஐஸ் உடைக்கிற சத்தம், ஏலம் கூறுகிற குரல், கூடை மாற்றுகிற பரபரப்பு. அந்த இரைச்சலுக்கு நடுவே, கூடையோடு கிளம்புகிற ஒரு பெண்ணின் காதில் ஒரே ஒரு சொல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "அந்தம்மா கிட்ட வாங்காதீங்க, அது நேத்து மீனு." கூடையில் இருப்பது விடியற்காலையில் கரைக்கு வந்த மீன், அது அவருக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் கூடையும் காலியாகிவிடுகிறது. "நல்ல மீனுக்கா, நாளைக்கும் இந்தப் பக்கம் வாங்க" என்று பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். ஆனால் ராத்திரி பாயில் படுத்த பிறகு அவர் மனதில் ஓடுவது அந்தப் பத்துப் பேரின் சொல் அல்ல. காலையில் கேட்ட அந்த ஒரு சொல்தான்.

நமக்கும் இப்படித்தான். புகழ் மேலாகத் தொட்டுவிட்டுப் போகிறது; பழி உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. நல்லதைவிடக் கெட்டது ஆழமாகப் பதியும் என்பதை உளவியல் ஆய்வாளர்களும் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள்.

இந்தப் பழியின் பாரத்தைச் சுமந்தவர்களில் நம் மாவட்டத்துப் பெரியவர் ஒருவரும் உண்டு. 1823ஆம் ஆண்டு, சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த வள்ளலார் இராமலிங்க அடிகள். 1867இல் அவருடைய பாடல்களை மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் தொகுத்து, திருமுறைகளாக வகுத்து, திருவருட்பா என்று பெயரிட்டு வெளியிட்டார். எதிர்ப்புக் கிளம்பியது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இவை அருட்பா அல்ல என்று மறுத்தார். 'போலியருட்பா மறுப்பு' என்றே நூல் வந்தது. 1869இல் விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படியும் ஏறியது. அங்கே நடந்தது பற்றி இரண்டு தரப்பாரும் தத்தமக்கு ஏற்ற கதைகளைச் சொல்லிவந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. நாவலர் கெட்ட மனிதர் அல்லர். பழைய தமிழ் நூல்களைப் பிழையறப் பதிப்பித்தவர். 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, நம் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு வழிசெய்தவர். தேவாரத்தையும் திருவாசகத்தையும் உயிராகப் போற்றியவருக்கு, தம் காலத்துப் பாடல்கள் அவற்றுக்குரிய திருமுறை என்ற பெயரோடு வந்தது பொறுக்கவில்லை. அவருடைய கடுமைக்குப் பின்னால், தாம் காத்துவரும் ஒன்றுக்குக் குறை வந்துவிடுமோ என்ற பதற்றம் இருந்தது. நம்மைத் தூற்றுகிறவர்கள் பலரிடமும் இதைப் பார்க்கலாம். ஒருவருக்குப் பிழைப்பு போய்விடுமோ என்ற பயம். இன்னொருவருக்கு மரியாதை குறைந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் நமக்குத் தெரிந்துவிட்டதால் அவர் சொல் சரியாகிவிடாது. ஆனால் அதில் பாதிக்கு மேல் நம்மைப் பற்றியதே அல்ல என்பது விளங்கும். அப்போதே வலி குறையத் தொடங்கும்.

சரி, மீதி வலியை என்ன செய்வது? கொட்டித் தீர்த்துவிட்டால் ஆறிவிடும் என்பார்கள். 2002இல் பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்து ஆய்வு வெளியிட்டார். மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்லி, அதை மிக மட்டம் என்று இகழ்ந்து திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். பிறகு சிலரை, இகழ்ந்தவரை நினைத்தபடியே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார். சிலரைச் சும்மா உட்கார வைத்தார். குத்தியவர்களுக்குத்தான் கோபம் மிகுதியாக இருந்தது. சும்மா இருந்தவர்களிடம் மூர்க்கம் குறைந்திருந்தது. பகைத்தவரை மனதில் வைத்துக்கொண்டு எதைச் செய்தாலும் பகைதான் வளர்கிறது.

அருட்பாச் சண்டையே இதற்குச் சாட்சி. 1874இல் வள்ளலார் மறைந்தார். 1879இல் நாவலர் மறைந்தார். கண்டனமும் மறுகண்டனமும் மட்டும் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் இரு தரப்பிலும் அறிஞர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள், மேடையில் மோதிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் வள்ளலார் தம் நாட்களை எதற்குக் கொடுத்தார் என்று பாருங்கள். திருவருட்பா அச்சேறிய அதே 1867ஆம் ஆண்டு, மே 23ஆம் தேதி, வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி கேட்காமல், மதம் கேட்காமல், பசித்து வந்தவர்களுக்குச் சோறு. வழக்கும் வசையும் வந்துபோன பிறகு, 1872இல் சத்திய ஞானசபையைத் திறந்தார். அன்று தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. முதுநகரில் பஸ் ஏறினால் குறிஞ்சிப்பாடி தாண்டி வடலூர். போய் இலை முன்னால் உட்காருங்கள். அருட்பாவா போலியருட்பாவா என்று யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை. பசிக்கிறதா என்பதுதான் அங்கே கணக்கு.

பொறுத்துப் போவதென்றால் அடிவாங்கிக்கொண்டே இருப்பது என்று பொருளல்ல. மிரட்டல் வந்தால், பொய்ப்பழி பிழைப்பைக் கெடுத்தால், காவல் நிலையமும் சட்டமும் இருக்கின்றன, தயங்காமல் போங்கள். மற்றபடி வாய்ச்சொல்லாக வருவதற்கெல்லாம் நம் நாளை எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

இன்றைக்கு யாராவது உங்களைச் சுருக்கென்று ஒரு சொல் சொல்லலாம். 'இவர் எதற்குப் பயப்படுகிறார்?' என்று ஒருமுறை யோசியுங்கள். சொன்னதில் உண்மை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பதில் தேடி அலையாமல், கையில் இருக்கிற வேலையைத் தொடருங்கள். அந்த வேலையால் இன்னொருவர் வயிறோ மனமோ நிறையுமானால், உங்களுக்காக அதுவே பேசும்.