பத்திரப்படுத்திய பகை

துப்பாக்கிக்கும் எனக்கும் கதையில்தான் உறவு. என் நாவல்களில் இரண்டு பேர் சுடப்பட்டுச் செத்திருக்கிறார்கள். ஆனால் நான் ஒரு துப்பாக்கியையும் தொட்டுப் பார்த்ததில்லை. 2011-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனபோது அந்தக் குறை தீர்ந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஒரு நாள் காலை, கார்க் கொட்டகை வாசலில் மேசை போட்டு எதையோ பிரித்துக்கொண்டிருந்தார். அதன்மேல் ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. வேலியருகே நின்ற என்னைப் பார்த்து, "கை அழுக்காகும், பரவாயில்லையா? வாருங்கள்" என்றார்.

அது ரஷ்ய நாட்டு மோசின் நாகாந்த் துப்பாக்கி. 1891-இல் பிறந்து, 1930-இல் திருத்தப்பட்ட மாதிரி. 1942 என்ற ஆண்டும், இஷெவ்ஸ்க் ஆலையின் முத்திரையும் இரும்பில் பதிந்திருந்தன. 1945-இல் யுத்தம் முடிந்தது. சோவியத் அரசு இத்தகைய துப்பாக்கிகளைப் பழுது பார்த்து, கெட்டியான கிரீஸைப் பூசி, மரப்பெட்டிகளில் அடுக்கி வைத்தது. அடுத்த யுத்தத்துக்கு வேண்டுமே! 1991-இல் அந்த அரசே கலைந்தது. பெட்டிகள் கடல் கடந்தன. நண்பர் கொடுத்த விலை நூறு டாலருக்கும் குறைவு.

காஸ்மோலின் என்று அங்கே அந்தக் கிரீஸுக்குப் பெயர். இரும்புப் பாகங்களை மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறப்போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தோம். குழலுக்குள் கொதிக்கும் வெந்நீரை ஊற்றினோம். கட்டையைத் துணியில் சுற்றி, கறுப்பு பிளாஸ்டிக் பையில் போட்டு, வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தார். மதியம் எடுத்தபோது மரம் வியர்த்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்படி மூன்று நாள்.

"இது இல்லாவிட்டால் துப்பாக்கி என்றோ துருப்பிடித்திருக்கும். ஆனால் இது இருக்கும்வரை சுடவும் முடியாது. ஊசி ஒழுங்காகப் பாயாது. தோட்டா உட்காரும் இடத்தில் பிசுபிசுத்து, போல்ட் இறுகிக்கொள்ளும்" என்றார் நண்பர்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கிரீஸ் பூசியவர்களை நான் குறை சொல்லவில்லை. 1941-இல் படையெடுப்புக்கு ஆளாகி, கோடிக்கணக்கில் மக்களைப் பறிகொடுத்த நாடு எச்சரிக்கையாக இருந்ததில் என்ன தவறு? ஆனால் எந்த எதிரியை நினைத்துப் பூசினார்களோ அந்த எதிரி இப்போது இல்லை. பூசச் சொன்ன அரசும் இல்லை. கிரீஸ் மட்டும் தன் வேலையை விடாமல் செய்துகொண்டிருந்தது.

நானும் அப்படி ஒன்றை வைத்திருந்தேன். 1988-இல், அப்பா கட்டிய வீட்டை என் தம்பி என்னைக் கேட்காமல் விலை பேசினான். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சண்டையும் போடவில்லை. கோபத்தை நான் பிரயோகிக்கவே இல்லை. துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். அதைப் பொறுமை என்று எனக்கு நானே பெயரும் வைத்திருந்தேன். பிறகு வீடு கைமாறியது, இடித்துக் கட்டிவிட்டார்கள். சாட்சி சொல்ல அம்மாவும் இல்லை. பிரயோகிக்காத பகை குற்றமாகுமா என்று அன்றிரவு கேட்டுக்கொண்டேன். ஆகும் என்றுதான் தோன்றியது. எச்சரிக்கை நாளையைப் பார்க்கிறது. பகை, நேற்று நடந்ததை நாளைக்கும் வேண்டும் என்று எடுத்து வைக்கிறது.

மூன்றாம் நாள், கட்டையில் ஆழமான ஒரு பள்ளம் தெரிந்தது. போல்டில் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டு, வேறு எண் பொறித்திருந்தார்கள். "உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கட்டை வழவழவென்று ஆகிவிடாதா?" என்று கேட்டேன்.

நண்பர் தலையை ஆட்டினார். "கிரீஸை எடுக்கத்தான் உட்கார்ந்தேன். அந்தக் காயம் இதைச் சுமந்தவனுடையது. அதை எடுக்க நான் யார்?"

மன்னிப்பதென்றால் நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லவேண்டும் என நினைத்துத்தான் இத்தனை வருஷம் தயங்கினேன். தம்பி செய்தது தவறுதான். அந்தத் தழும்பு இருக்கட்டும். பிசுக்குப் போனால் போதாதா?

எல்லாம் துடைத்த பிறகு, நண்பர் இரும்பின் மேல் மெல்லிய எண்ணெய் தடவினார். வெறும் இரும்பை அப்படியே விட்டால் சீக்கிரமே துரு ஏறுமாம்.

"முழுக்கப் போய்விட்டதா?" என்றேன்.

"சுட்டால் தெரியும். சூடேறும்போது மரத்துக்குள்ளே ஒளிந்திருப்பது கசியும். திரும்பத் துடைக்க வேண்டியதுதான்."

ஊர் திரும்பியதும் தம்பிக்குக் கடிதம் எழுதினேன். வீட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அவனே வந்தான். "அண்ணா" என்று வாசலில் நின்றவனை உள்ளே அழைத்து, காபி கொடுத்து, அவன் முழங்கால் வலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ பழைய வீட்டுப் பேச்சை எடுத்தார்கள். எனக்குக் காது சுட்டது. நாக்கு நுனி வரை ஒரு வார்த்தை வந்தது. ஒஹாயோ நண்பர் சொன்னது உண்மைதான், எல்லாம் போய்விடவில்லை. தம்பி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "தம்பிக்குக் கொஞ்சம் ரசம் விடுங்கள்" என்றேன்.