வழித்துணை



மதுவை விட்டுப் பஞ்சசீலம் ஏற்று நமக்கு 25 ஆண்டுகள் நிறைந்தன. இதனை அறிந்த அன்பர்கள் மண்டபம் பிடித்து, மாலையிட்டு, ஒலிபெருக்கி வைத்து ஒரு விழா எடுக்க முனைந்தார்கள். பஞ்சாலையில் அறுந்த இழையைப் பிணைத்துக் கிடந்த இக்கைகளுக்கு மாலை எதற்கென்று மறுத்துவிட்டோம். மாலை வேண்டாமென்று சொல்லுவதிலும் ஒரு மாலை உண்டு. அதனை அன்று நாம் உணர்ந்தோமில்லை. விழாவுக்கு ஈடாக, நெய்யாற்றின்கரை வட்டத்துப் பெருங்கடவிளையில் ஒரு பகல் முழுதும் நண்பர்களோடு நடந்து வருவதென்று முடிவாயிற்று.

அவ்வூரை நாம் தேர்ந்தது அருவிப்புறத்தின் பொருட்டே. 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று நாராயண குரு நெய்யாற்றின் கரையிலே தம் கையால் ஒரு கல்லை நிறுவினாரே, அவ்விடம் அங்கேதான் உள்ளது. கோயில் வாசல் மிதிக்கவும் உரிமையற்றவரென்று ஒதுக்கப்பட்ட மரபில் தோன்றிய ஒருவர் கோயிலையே எழுப்பினார். சாதி வேற்றுமையும் சமயப் பகையும் இன்றி யாவரும் உடன்பிறந்தாராய் வாழும் இடம் இது என்று அங்கே எழுதியும் வைத்தார். அவர்தம் மாணாக்கரான குமாரன் ஆசான் பின்னாளில் பகவான் புத்தரின் சரிதத்தையும், ஆனந்தருக்குத் தண்ணீர் வார்த்த சண்டாளப் பெண்ணின் கதையையும் மலையாளக் கவிதையாக்கினார் என்பது நம்மவர் மறக்கலாகாத செய்தி.

காலையில் ஒன்பது பேர் புறப்பட்டோம். இருமருங்கும் ரப்பர் மரங்கள். சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பால் மரச்சீனி விளைகள், வாழைகள். 1956 நவம்பர் 1ஆம் நாள் எல்லை வகுத்தபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் பாறசாலைப் பக்கத்து வீடுகளிலே எச்சொல் எம்மொழியது என்று பிரித்தறிதல் இன்றும் எளிதன்று.

பெருங்கடவிளைச் சந்தியிலே ஒருவர் நமக்காகக் காத்து நின்றார். வெளுத்த வேட்டி, கையில் ஒரு தூக்குப் பாத்திரம். கோவைப் பக்கத்து ஆலையொன்றில் நூற்பு இலாகாவில் நம்மோடு வேலை பார்த்தவர், நம்மினும் மூத்தவர், அந்நாள் முதல் நாம் அண்ணன் என்றே அழைத்தவர். அது அவருடைய ஊர் என்பது நமக்குத் தெரியாதா? தெரியும். அவர் கண்ணில் படாமல் போய்த் திரும்பலாம் என்றிருந்தோம். உடன் வந்த இளைஞர் ஒருவர் நம்மைக் கேளாமலே அவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மனைவி இறந்தபின் அண்ணன் குடிக்கத் தொடங்கினார். அச்செய்தி எட்டிய நாள் முதல் மூன்றாண்டுகள் நாம் அவர் வீட்டுப் படி ஏறவில்லை. சீலம் போதிக்கிறவன் குடிப்பவரோடு நிற்பதைக் கண்டால் நாலுபேர் என்ன சொல்லுவார்கள் என்ற எண்ணந்தான்.

“வந்தியா தம்பி” என்றார். “மரச்சீனி அவிச்சுக் கொண்டாந்திருக்கேன், காந்தாரி மிளகாயும் அரைச்சிருக்கு.” பாத்திரம் பிடித்த கை நடுங்கிற்று. நாம் கும்பிட்டுவிட்டு முன்னே நடந்தோம்.

அருவிப்புறத்தில் ஆற்றை வணங்கிக் கொடிதூக்கி மலையில் ஏறினோம். நாராயண குரு தவமிருந்த மலை அது. உச்சியில் நின்று நாம் சொற்பொழிவைத் தொடங்கினோம். சில நாளாகவே ஆயத்தம் செய்து வைத்திருந்த சொற்பொழிவு! கிழக்கே கைநீட்டி, இந்நெய்யாறு பிறக்கும் அகத்திய மலை 1,868 மீட்டர் உயரம் என்றோம். அம்மலைத் தொடரே பொதியில். சீன யாத்திரிகர் சுவான்சாங் ஏழாம் நூற்றாண்டிலே குறித்த போதலக மலை இதுவே என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடத்தே என்று கூறுகின்றது. இத்தென்னாட்டை ஆண்ட ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் பாலியம் செப்பேட்டின் தொடக்கத்திலே புத்தரைப் போற்றி, ஸ்ரீமூலவாசத்துப் பௌத்தப் பள்ளிக்கு நிலம் ஈந்தான். இவ்வாறெல்லாம் அடுக்கிக்கொண்டே போய், “அவலோகிதர் என்ற திருப்பெயரின் பொருள் யாது? உயரத்தில் நின்று, துன்புறும் உயிர்களைக் கருணையோடு கீழ்நோக்கிப் பார்ப்பவர்” என்றோம்.

“அண்ணன் கீழே பாதியிலேயே உட்கார்ந்துட்டார்” என்றார் ஒருவர்.

நமக்கு மேற்கொண்டு வாய் எழவில்லை. மேகிய பிக்குவின் வரலாறு நெஞ்சில் வந்து நின்றது. சாலிக மலையிலே பகவருக்குப் பணிவிடை செய்து வந்த மேகியர் கிமிகாலா ஆற்றங்கரையில் ஓர் அழகிய மாந்தோப்பைக் கண்டார். அங்கே தனித்திருந்து தியானம் செய்ய விரும்பினார். “நான் தனியே இருக்கிறேன், வேறொரு பிக்கு வரும்வரை பொறு” என்றார் பகவர். மேகியர் பொறுக்கவில்லை, மும்முறை கேட்டுவிட்டுப் போய்விட்டார். தோப்பு அழகியதுதான், மனத்திலோ காமமும் பகையும் கொடுமையும் மொய்த்தன. வெட்கித் திரும்பியவருக்குப் பகவர் ஐந்து பொருள்களை உபதேசித்தார். அவற்றுள் முதலாவதாக அவர் வைத்தது நல்ல நண்பனை. இக்கதையை மேடைகளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். மேகியர் தவறவிட்ட நண்பர், பொறு என்று கேட்டுத் தனியே அமர்ந்திருந்தவர் அல்லவோ என்பது மட்டும் அதுவரை நம் புத்தியில் தட்டவில்லை.

இறங்கி வந்தோம். பாறை நிழலில் அண்ணன் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

இவ்விடத்தில் உங்களுக்கு நாம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சம்பளக் கவரோடு மதுக்கடை வாசலில் நின்றோம், மகனை நினைத்தோம், உறுதி பிறந்தது, தன்னந்தனியாய்த் திரும்பி நடந்தோம் என்று ஊர் ஊராகப் பேசி வந்தோம். அது பொய். மாதந்தோறும் 7ஆம் தேதி ஷிப்டு முடிந்ததும் ஆலை வாசலில் இவ்வண்ணன் நிற்பார். கடையிருக்கும் வீதியைத் தவிர்த்து ரயில் பாதையோரமாய் இரண்டு கல் சுற்றி நம்மை வீட்டிலே சேர்ப்பார். பதினான்கு மாதம் இப்படி நடந்தது. வழியில் ஒரு நாளும் அவர் நமக்கு உபதேசம் செய்ததில்லை. பருத்தி விலையையும் மேஸ்திரியின் கோபத்தையும் பற்றிப் பேசிக்கொண்டே வருவார். ஐந்தாம் சீலத்தின் வெள்ளி விழா என்று கொண்டாடப் போந்த நாம், நான்காம் சீலத்தை இத்தனை ஆண்டும் மேடையிலேயே உடைத்து வந்திருக்கிறோம். நண்பர் எண்மர் கேட்க அதனை அங்கேயே ஒப்புக்கொண்டோம். அண்ணன் தலை நிமிரவில்லை. “அதுக்கென்ன இப்போ, மரச்சீனி ஆறிப்போகுது” என்றார்.

உண்டபின் ஆற்றங்கரையில் அமர்ந்து திரிசரணம் சொல்லிச் சீலம் ஏற்றோம். நான்கு சீலம் வரை அண்ணன் குரலும் சேர்ந்து ஒலித்தது. ஐந்தாவதில் அது நின்றுவிட்டது. முடிந்தபின், ஏன் என்று கேட்டோம்.

“நாலாவதைச் சொன்ன வாயாலே உடனே பொய் சொல்ல மனசு வரல்ல தம்பி.”

ஒருவரும் பேசவில்லை. ஆற்றில் யாரோ எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் மற்றவர்கள் பேருந்துக்கு விரைந்தார்கள். சந்தி வழியே போனால் அண்ணன் வீடு பக்கம். ஆனால் அவ்வழியில் கள்ளுக்கடை உண்டு என்று இளைஞர் சொன்னார். நாம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு ரப்பர்த் தோட்டத்தினூடே சுற்றுவழியில் இறங்கினோம். எதற்கு இந்த வழி என்று அவர் கேட்கவில்லை. நாமும் பருத்தி இப்போது என்ன விலை விற்கிறது என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தோம். வீடு சேருமுன் இருட்டிவிட்டது. கடைசிப் பேருந்தும் போய்விட்டது. அன்றிரவு அவர் திண்ணையிலேயே படுத்துக்கொண்டோம்.