நாலு மணிக்கு யார் கதவைத் திறப்பது?

"வேலைக்குப் போறவங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?"

சேக்காட்டில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டது இது. அவர் கெட்டவர் இல்லை. ஊரில் பத்துப் பேர் மனசுக்குள் கேட்டதை அவர் வாய்விட்டுக் கேட்டார், அவ்வளவுதான்.

அவர் சொன்ன பெண்மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலை. காலை ஏழு மணிக்கு இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் ரயில் பிடித்தால் பட்டரவாக்கத்தில் இறங்கலாம். வீடு திரும்ப ராத்திரி ஏழரை. பக்கத்து வீட்டில் குடியிருந்த பெண் இறந்துபோக, அவளுடைய எட்டு வயசுப் பையன் தனியாக நின்றான். குழந்தைகள் நலக் குழுவிடம் முறைப்படி உத்தரவு வாங்கி அவனை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். பையன் அவரை 'அத்தை' என்கிறான்.

இதற்கு 'வளர்ப்புப் பராமரிப்பு' என்று பெயர். தத்து இல்லை. 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தில் இதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. சொத்து, வாரிசு என்ற பேச்சு கிடையாது. சொந்த வீடு சரியானால் பிள்ளை திரும்பிப் போகலாம். முன்பு தம்பதிகளுக்கு மட்டும்தான் அனுமதி. 2024-இல் திருத்திய வழிகாட்டு நெறிகள் 35 முதல் 60 வயதுக்குட்பட்ட தனி ஆட்களுக்கும் கதவைத் திறந்தன. தனி ஆள் என்றால் பெரும்பாலும் சம்பாதிக்கிற ஆள்தானே? சம்பாதிக்காமல் அடுப்பு எப்படி எரியும்?

சரி, பெரியவர் கேள்விக்கு வருவோம். வளர்ப்புத் தாய் என்றதும் நமக்கு யசோதைதான் ஞாபகம் வருவாள். "அவ வீட்டோட இருந்தா" என்பீர்கள். சும்மாவா இருந்தாள்? தயிர் கடைந்தாள். ஆயர் வீட்டில் அதுதானே பிழைப்பு? பிள்ளையை உரலில் கட்டிப்போட்டுவிட்டு வேலையைப் பார்க்கத்தான் போனாள். அவன் உரலை இழுத்துக்கொண்டு போய் மருத மரங்களைச் சாய்த்தான். சத்தம் கேட்டு ஆயர்பாடியே ஓடி வந்தது. கதையில் நாம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அவள் கை வேலையாக இருந்தபோது ஓடி வர ஓர் ஊர் இருந்தது.

நான் பி.காம். படித்தவன். எதையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் தூக்கம் வராது. பள்ளிக்கூடம் விடுவது நாலு மணி. அத்தை வருவது ஏழரை. நடுவில் மூன்றரை மணி நேரம். மாதம் 26 வேலை நாள் என்றால் 91 மணி. 2022-இல் வந்த மிஷன் வாத்சல்யா வழிகாட்டு நெறிகள் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் என்று வைத்தன. வகுத்துப் பாருங்கள், மணிக்கு 44 ரூபாய் கூட முழுசாக வராது. அதுவும் அவர் நேரத்துக்கான கூலி இல்லை. பையனுடைய சோறு, நோட்டு, சட்டை, மருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். அவர் நேரம் எந்தப் பேரேட்டிலும் இல்லை.

"பாசத்துக்குக் காசா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நர்ஸம்மா சம்பளம் வாங்குகிறார், டீச்சர் சம்பளம் வாங்குகிறார். அவர்கள் அன்பு போலி என்றா சொல்கிறோம்? பாசத்தை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. நேரத்துக்குத்தான் விலை. அதை ஏற்கெனவே தையல் கம்பெனி வாங்கிக்கொண்டிருக்கிறது.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் ஒரு தம்பதி வழக்குப் போட்டார்கள். ரொம்ப அடிபட்ட பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்க்கும் சிறப்புத் திட்டம் அது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆனால் வேறு வேலைக்குப் போகக் கூடாது. 2017-இல் தீர்ப்பாயம், இவர்கள் நகர சபையின் ஊழியர்கள்தான் என்று சொல்லிவிட்டது. எல்லா வளர்ப்புப் பெற்றோருக்கும் பொருந்துகிற தீர்ப்பு இல்லை. ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. 'வீட்டோடு இரு' என்று சொன்னால் சம்பளம் கொடு. சம்பளம் கொடுக்க முடியாதா? வேலைக்குப் போக விடு, போகிறவளுக்கு வழி பண்ணு. இரண்டும் செய்யாமல் 'எதுக்கு இந்த வேலை' என்று கேட்பது நியாயமே இல்லை.

வழி பண்ணுவது என்றால் என்ன? பையனுக்குக் காய்ச்சல் வந்தது. லீவு கேட்டார்.

"உங்க பையனா?"

"இல்ல சார், எங்கிட்ட இருக்கான்."

"அப்ப லீவு எதுக்கும்மா?"

அன்றைய சம்பளம் பிடித்தம். மகப்பேறு சலுகைச் சட்டத்தை 2017-இல் திருத்தி, பெற்றவளுக்கு 26 வாரம் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தவளுக்கு 12 வாரம். வளர்ப்புப் பராமரிப்பை அந்தத் திருத்தம் ஞாபகமே வைத்துக்கொள்ளவில்லை.

பெரியவர் கேள்வியில் ஓர் உண்மையும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. இந்தப் பிள்ளை ஏற்கெனவே ஒரு முறை கைவிடப்பட்ட பிள்ளை. வந்த புதிதில் அடம் பிடிக்கும், பொய் சொல்லும், ராத்திரியில் அழும். இவளும் போய்விடுவாளா என்று சோதித்துப் பார்க்கும். நாலு மணிக்குப் பூட்டிய கதவைப் பார்த்தால் மற்ற பிள்ளைக்குப் பசிதான் வரும். இதற்குப் பயம் வரும். அதனால் எடுக்கும் முன் 'எனக்கு மனசு இருக்கா?' என்று கேட்டால் மட்டும் போதாது. 'எத்தனை மணி நேரம் இருக்கு? இல்லாத நேரத்துக்கு யார் இருக்காங்க?' என்றும் கேட்டாக வேண்டும். பதில் இல்லாவிட்டால் கொஞ்ச நாள் பொறுப்பதுதான் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் மரியாதை.

ஆனால் பதிலை அவர் ஒருத்தர் மட்டும்தான் தேட வேண்டுமா? வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார் என்றால், பணக்காரர்கள் மட்டும்தான் வளர்க்க முடியும். மீதிப் பிள்ளைகளுக்கு இல்லம்தான் கதி. அதோடு, நாளைக்கே அவன் சொந்தக்காரர்கள் வந்து அழைத்துப் போகலாம். வெறிச்சோடிய வீட்டில் அவர் விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள அந்தத் தையல் மிஷின்தான் இருக்கும்.

பட்டாபிராமில் 2024-இல் டைடல் பார்க் திறந்தார்கள். வேலை இப்போது சேக்காட்டுப் பக்கமே வருகிறது. கூடவே லீவு பாரத்தில் 'பராமரிப்பில் உள்ள குழந்தை' என்று ஒரே ஒரு வரி வந்தால் நல்லது. எந்த முதலாளியும் அதனால் திவாலாகிவிட மாட்டார்.

நான் பெரியவரிடம் திருப்பிக் கேட்டேன்: "நீங்க சாயங்காலம் வீட்லதானே சார் இருக்கீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் கோபப்படவும் இல்லை.