பூட்டியவர் நீதிபதியா?

கொரட்டூரில் நம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன், ஒருநாள் புத்தகமின்றி, முதல் நாள் உடுத்திய சட்டையோடு வகுப்புக்கு வந்தான். காரணம் கேட்டோம். "வீட்ட பூட்டிட்டாங்க சார்" என்றான். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் தந்தைக்கு வேலை நின்றது. மூன்று மாத வாடகை பாக்கி. ஆளில்லாத வேளையில் வீட்டுக்காரர் தம் பூட்டைப் போட்டுவிட்டார். "எல்லாம் தலையெழுத்து" என்றனர் அக்கம்பக்கத்தார்.

தலையெழுத்தா? இல்லை, தோழர்களே! ஒரு மனிதர் செய்த செயல் அது. அது சரியா என்று கேட்பதே பகுத்தறிவு.

"வீடு அவருடையது, பூட்டினால் தவறென்ன?" என்பார் உளர். வீடு அவருடையதே; மறுக்கவில்லை. உள்ளே கிடக்கும் பாயும் பாத்திரமும் பாடநூலும் யாருடையவை? வழக்குடையவரே தீர்ப்பெழுதித் தண்டனையும் நிறைவேற்றலாம் என்றால், நாட்டில் நீதிமன்றம் எதற்கு?

சட்டமும் இதையே கேட்கிறது. 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்திற்குள் வழக்கிட்டுத் தம் இருப்பிடத்தை மீட்கலாம். வெளியேற்றியவர் வீட்டின் உரிமையாளரே ஆயினும் சரி! நிலையாகக் குடியிருப்பவரை, தொடர்ந்திருக்கும் உரிமை அவருக்கு இல்லாவிடினும், சட்ட வழியிலன்றி வெளியேற்றலாகாது என 1989இல் உச்ச நீதிமன்றமும் உரைத்தது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி, 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டமோ, குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி நெருக்குவதையும் தடுக்கிறது.

அப்படியானால் வீட்டுக்காரருக்கு நீதியில்லையா? உண்டு. வாடகையை நம்பியே வாழும் முதியோரும் கைம்பெண்களும் நம் தெருவில் இல்லையா? பாக்கியைக் கேட்க, வீட்டைத் திரும்பப் பெற, வாடகை நீதிமன்றம் அவர்களுக்காகவும் திறந்திருக்கிறது. காலம் ஆகலாம், செலவும் ஆகலாம். ஆனால் காலதாமதம், கைவலுத்தவன் சட்டத்தைக் கையிலெடுக்கத் தரப்பட்ட அனுமதிச் சீட்டன்று.

அன்று மாலை, அந்தச் சட்டப்பிரிவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இளைஞர் நால்வரோடு வீட்டுக்காரரைக் கண்டோம். உரக்கப் பேசவில்லை, படித்துக் காட்டினோம். பூட்டுத் திறந்தது. பாக்கியைத் தவணையில் தீர்ப்பதெனப் பேசி முடித்தோம்.

இரண்டு மாதம் கழித்து அக்குடும்பம் வேறு வீடு பார்த்துச் சென்றது. பாக்கியைத் தீர்த்து, பாத்திரங்களைக் கட்டி, சாவியைத் தம் கையால் கொடுத்துவிட்டே சென்றது. விரட்டப்படுவதும் விடைபெறுவதும் ஒன்றாகுமா?

தோழர்களே, உங்கள் தெருவிலும் அப்படியொரு பூட்டுத் தொங்கலாம். தலையெழுத்து என்று தலைகுனிவோரிடம் சட்டத்தின் எழுத்தைக் கொண்டு செல்லுங்கள்!