தங்கமலைப் பாதையும் புனிதம் பற்றிய கேள்வியும்

ஊவா மாகாணத்தில், ஹப்புத்தளைக்கு அருகே தங்கமலைச் சரணாலயத்தை ஒட்டி அடிசம் மாளிகை நிற்கிறது. சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய இந்தக் கல்வீடு, 1960களிலிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அங்கிருந்து மலைமுகட்டுக் காட்டினூடே இதல்கஸ்ஹின்ன நோக்கி ஒரு நடைபாதை செல்கிறது. மார்கழிக் குளிரில், மூடுபனிக்குள் அதில் நடப்பவருக்கு அமைதி கிட்டுவதுண்டு. அந்த அமைதி காட்டுக்கு உரியதா, மனத்துக்கு உரியதா?

சமய மரபுகள் இதற்கு வெவ்வேறு விடை தருகின்றன. கதிர்காமப் பாதயாத்திரையில் நடை ஒரு தலத்தைச் சேர்வதற்கானது. புனிதம் அத்தலத்தில் உறைகிறது. பௌத்த நடைத்தியானத்துக்குச் சேருமிடம் இல்லை. பாதம் எழுவதையும் பதிவதையும் கவனிப்பதே பயிற்சி. 6ஆம் நூற்றாண்டில் எழுந்த பெனடிக்ட் ஒழுங்குவிதி, ஜெபத்துக்கும் உடலுழைப்புக்கும் நாளைப் பகிர்ந்தளிக்கிறது.

அதே குளிரில், பக்கத்து மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நடை பிழைப்பு. ஓய்வாக நடப்பவரின் அமைதியை மட்டும் புனிதம் என்றால் அவள் உழைப்பு அதற்கு வெளியே நின்றுவிடும். உழைப்பை ஜெபத்தின் துணையாகக் கொள்ளும் பார்வையிலோ அவள் உழைப்புக்கும் இடமுண்டு. ஆகவே காடு கவனத்தைத் தூண்டலாம். ஆனால் புனிதத்தின் எல்லை காட்டோடு முடிவதில்லை.